14 நாள் அவகாசம், 16ஆம் நாள் வந்த கடிதம்

எங்கள் பிரதேச செயலாளர் அவர்களுக்கும், மாதாந்த உதவித்தொகை மேன்முறையீடுகளைத் தீர்மானிக்கும் அதிகாரிகளுக்கும்,

உங்கள் கந்தோரிலிருந்து வந்த கடித உறை ஒன்று என் மேசையில் கிடக்கிறது. அதில் மூன்று திகதிகள் இருக்கின்றன. உள்ளே, கடிதத்தின் தலையில் நவம்பர் 3. வெளியே, தபால் முத்திரையில் நவம்பர் 14. மூன்றாவது திகதியை நான்தான் பேனையால் எழுதி வைத்தேன்: நவம்பர் 19, தபால்காரர் எங்கள் படலையில் நின்று மணி அடித்த நாள். மீளாய்வின்படி எனது மாதாந்த அங்கவீன உதவித்தொகை நிறுத்தப்படுகிறது, ஆட்சேபணை இருந்தால் இக்கடிதத்தின் திகதியிலிருந்து 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம் என்று கடிதம் சொல்கிறது.

விரலை மடித்து எண்ணிப் பாருங்கள். நவம்பர் 17உடன் 14 நாள் முடிந்துவிட்டது. கடிதம் என் கைக்கு வந்தது 16ஆம் நாள். 11 நாள் அது உங்கள் கந்தோரிலேயே இருந்திருக்கிறது, மிச்சத்தைத் தபாலும் மழையும் தின்றுவிட்டன. எனக்கென்று வைத்த அவகாசத்தில் எனக்கு ஒரு மணித்தியாலம்கூட மிஞ்சவில்லை. ஏன் நிறுத்தினீர்கள் என்பதற்கும் அந்தக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. பக்கச் சில்லுப் பூட்டிய என் ஸ்கூட்டியைச் சொத்தாக எழுதிவிட்டார்களோ, இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டிய கல்வீட்டைப் பார்த்து வசதி என்று நினைத்துவிட்டார்களோ, நானாகத்தான் யோசித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் கந்தோருக்கு வந்தேன். மேசையில் இருந்த உத்தியோகத்தர் மரியாதையானவர், அதை மறைக்க மாட்டேன். கதிரை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார். கடிதத்தை வாங்கி மேலே இருந்த திகதியைப் பார்த்தார், கணினியில் ஏதோ தட்டினார். "பிந்திட்டுது தங்கச்சி. இனி சிஸ்டம் எடுக்காது" என்றார். நான் உறையைத் திருப்பித் தபால் முத்திரையைக் காட்டினேன். அதையும் பார்த்தார். அது அவருக்கு விளங்கியது என்பதை முகத்தில் கண்டேன். "அதுக்கு நாங்க என்ன செய்யிறது? அடுத்த முறை பதிவு வரேக்க போடுங்கோ." என் மேன்முறையீட்டை வாங்கவில்லை. வாங்க முடியாது என்பதை எழுதித் தாருங்கள் என்று கேட்டேன், அதற்கும் சரி வரவில்லை. ஆக, நான் அங்கே வந்ததற்கு உங்கள் கந்தோரில் ஒரு துண்டுப் பேப்பர்கூட இல்லை. நான் வராத மாதிரித்தான்.

நான் புதிதாகக் கந்தோர் ஏறும் ஆள் இல்லை. 2009 மார்ச்சில் புதுமாத்தளன் பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியாக்கிய வகுப்பறை ஒன்றில், என் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அது நான் உயர்தரப் பரீட்சை எழுத இருந்த வருடம். செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் புல்மோட்டைக்குக் கொண்டுபோனார்கள், பிறகு வவுனியா ஆஸ்பத்திரி, பிறகு மெனிக் பாம் அகதி முகாம். ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து அயலில் யாருக்கு எந்தப் படிவம் வந்தாலும் என் திண்ணைக்குத்தான் வரும். வயதானவர்கள், காயப்பட்டவர்கள், கணவன் இல்லாதவர்கள், எழுதத் தெரிந்தும் கை இல்லாதவர்கள். யாருக்கு என்ன எழுதினேன், எந்த நாளில் யார் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்று ஒரு சீ.ஆர். கொப்பியில் குறித்து வைப்பேன். ஊருக்கெல்லாம் திகதி ஞாபகப்படுத்துகிறவளின் கடிதமே பிந்தி வந்தால் மற்றவர்களின் நிலை என்ன என்று அன்றிரவு கொப்பியைத் திரும்பப் புரட்டினேன். பிந்திவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள், என்னோடு சேர்த்து, ஒன்பது பேர். அவர்களில் மூன்று பேரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

முதலாவது, எங்கள் குறுக்கு ஒழுங்கையில் இருக்கும் ஒரு அண்ணா. முதுகெலும்பில் ஷெல் பீஸ், அதாவது எறிகணைத் துண்டு, பட்டு இடுப்புக்குக் கீழே இயக்கம் இல்லை. அந்தப் பீஸ் இன்னும் உள்ளேதான் இருக்கிறது, எம்.ஆர்.ஐ. எடுக்கவும் முடியாது. சென்ற வருடம் அவருக்குப் படுக்கைப் புண் பெருத்து, எலும்பு தெரியும் அளவுக்குப் போய், ஆறு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தார். அக்கா, அதாவது அவர் மனைவி, அவரோடு நின்றார். வீடு பூட்டிக் கிடந்தது. கடிதம் படலைக் கம்பிக்குள் செருகப்பட்டு, நனைந்து காய்ந்து, அவர்கள் திரும்பி வந்த அன்று எழுத்துக் கலங்கிய நிலையில் கிடைத்தது. அவகாசம் முடிந்து மூன்று கிழமை. அவரால் எழும்ப முடியாது என்பதற்காகத்தான் உதவித்தொகை கொடுத்தீர்கள். எழும்பி வந்து மேன்முறையீடு செய்யவில்லை என்பதற்காக அதை மறுத்தீர்கள். இதை நான் கூட்டிக் குறைத்துச் சொல்லவில்லை, நடந்ததே இவ்வளவுதான்.

மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகை பெரிய காசா என்று யாராவது கேட்கலாம். 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் 7,500 என்று இருந்தது 10,000 ஆனது. அந்த வீட்டில் அந்தக் காசு பாம்பஸ் பைக்கற்றாகவும், யூரின் பையாகவும், புண்ணுக்குக் கட்டும் துணியாகவும், கிளினிக் நாளில் ஓட்டோக் கூலியாகவும் போகிறது. அது நின்றதும் அக்கா முதலில் நிறுத்தியது ஓட்டோவை. ஓட்டோ நின்றால் கிளினிக் நிற்கும். கிளினிக் நின்றால் புண் என்ன செய்யும் என்று நான் எழுதத் தேவையில்லை.

இரண்டாவது, ஒரு பெரியம்மா. ஒரு கண்ணில் பார்வை இல்லை, மற்றதிலும் மங்கல். அவருக்கு வந்த கடிதத்தில் பெயரைத் தவிர எல்லாம் சிங்களத்தில் இருந்தது. அரச முத்திரை இருந்ததால் மரியாதையான கடிதம் என்று மட்டும் அவருக்குத் தெரிந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார். இரண்டு மாதம் வங்கியில் காசு விழாத பிறகுதான் அதை எடுத்து என்னிடம் கொண்டுவந்தார். மடிப்பில் விபூதி ஒட்டியிருந்தது. சிங்களம் வாசிக்கத் தெரிந்த பேக்கரிக்காரத் தம்பியைப் பிடித்து வாசித்தோம். மேன்முறையீட்டுக்கான கடைசி நாள் எப்போதோ போய்விட்டது. வடக்கிலும் கிழக்கிலும் நிருவாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. அதை நான் உங்களுக்குப் படிப்பிக்க வேண்டியதில்லை, உங்கள் பெயர்ப் பலகையிலேயே மூன்று மொழியும் இருக்கிறது. பலகையில் இருக்கும் தமிழ் உறைக்குள்ளும் வர வேண்டும் என்பதுதான் என் கதை. வாசிக்க முடியாத மொழியில் வந்த அறிவித்தல் அந்தப் பெரியம்மாவைப் பொறுத்தவரை இன்னும் வந்து சேரவே இல்லை.

மூன்றாவது ஆளைப் பற்றி எழுதத் தயங்கினேன். அவரிடம் கேட்டு, பெயரும் இடமும் போடாமல் எழுதச் சம்மதம் வாங்கிய பிறகே எழுதுகிறேன். அவர் முன்பு இயக்கத்தில் இருந்தவர். புனர்வாழ்வு முடித்து, கையில் சான்றிதழோடு வந்து, கலியாணம் கட்டி, இரண்டு பிள்ளைகளின் தாய். வலது கை மணிக்கட்டோடு இல்லை. உங்கள் படிவத்தில் "அங்கவீனம் ஏற்பட்ட விதம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்துக்கு முன்னால் அவர் மூன்று கிழமை நின்றார். உண்மையை எழுதினால் விசாரிக்க வருவார்களோ என்ற பயம். "விபத்து" என்று எழுதினால் நாளைக்குப் பொய் சொன்னதாக வரும். நான் எழுதட்டுமா என்று கேட்டபோதெல்லாம் "நாளைக்குப் பாப்பம் அக்கா" என்றார். கடைசியில் "யுத்த காலம்" என்ற இரண்டே சொல்லில் நிரப்பினோம். கொண்டுபோய்க் கொடுத்தது எட்டு நாள் பிந்தி. அந்தக் கட்டம் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கை இல்லை என்பதை வைத்தியர் எழுதித் தருகிறார். அது எப்படிப் போனது என்பதால் தொகை கூடுமா, குறையுமா?

இந்த இடத்தில் ஒன்று சொல்ல விரும்புகிறேன், எங்கள் பக்கத்தில் சிலருக்கு இது பிடிக்காமல் போகலாம். 2016 நவம்பரில், 12 வருட சேவை முடிக்கும் முன்பே காயப்பட்டு விலகிய சிப்பாய்கள் ஓய்வூதியம் கேட்டுக் கொழும்பில் போராடினார்கள். பொய்க்காலோடும் ஊன்றுகோலோடும் நின்றவர்கள் மீது தண்ணீர் அடித்து விரட்டினதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அவர்களுக்கு ரணவிரு சேவா அதிகாரசபை என்று 1999இலேயே சட்டம் போட்டு அமைத்த ஒரு நிறுவனம் இருந்தது, எங்கள் ஆட்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. இருந்தும், பொய்க்காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தரையில் இருந்த அந்த மனிதனைப் பார்த்தபோது, காலின் எந்த இடத்தில் உரசிப் புண்ணாகியிருக்கும் என்று எனக்கு அப்படியே தெரிந்தது.

சரி, "சட்டம் அப்படித்தான், திகதி என்றால் திகதிதான்" என்கிறீர்கள். சட்டத்தையே பார்ப்போம்.

உங்கள் கந்தோர்ச் சுவரில் தகவல் அலுவலரின் பெயர் எழுதித் தொங்குகிறது. அந்தப் பெயரை அங்கே தொங்க வைத்தது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தகவல் மறுக்கப்பட்டால் மேன்முறையீடு செய்ய அந்தச் சட்டமும் 14 நாள்தான் கொடுக்கிறது. அதே 14. ஆனால் அதோடு நிற்கவில்லை. தன் கட்டுப்பாட்டுக்கு மீறிய காரணத்தால் ஒருவர் பிந்திவிட்டார் என்று அலுவலருக்குத் திருப்தி ஏற்பட்டால், நாள் கடந்த பிறகும் மேன்முறையீட்டை ஏற்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறது. ஒரு பேப்பரின் பிரதி கேட்டுப் பிந்தியவருக்கு இந்த நாட்டில் கதவு திறக்கிறது. பாம்பஸுக்குக் காசு கேட்டுப் பிந்தியவருக்குத்தான் சிஸ்டம் மூடிவிடுகிறது.

அதே 2016இல் பாராளுமன்றம் இன்னொரு சட்டமும் நிறைவேற்றியது, காலவிதிப்பு பற்றிய விசேட ஏற்பாடுகள் சட்டம், 5ஆம் இலக்கம். போர் காரணமாகத் தங்கள் காணி உரிமைக்காக நீதிமன்றம் போக முடியாமல் இருந்தவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை வழக்குப் போடும் கால எல்லைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது அதன் சாரம். ஆக, போர் நடந்தால் மனிதர் திகதியைத் தவற விடுவார், அது அவர் பிழை இல்லை என்பது இந்த நாட்டுச் சட்டத்துக்குத் தெரியாத விஷயம் இல்லை. காணிக்காக மணிக்கூட்டை 26 வருடம் நிறுத்தி வைத்தார்கள். அதே போரில் போன காலுக்காக அதே மணிக்கூட்டை ஒரு கிழமை நிறுத்திப் பிடிக்க முடியாதா?

எங்களுக்கு 2009 மே மாதத்தோடு போர் முடிந்தது என்பது காலண்டர்க் கணக்கு. உடம்புக் கணக்கு வேறு. என் காயத்தை ஆஸ்பத்திரியில் எழுதித் தந்த டயக்னோசிஸ் காட் வட்டுவாகலில் தண்ணீருக்குள் போனது. ஒரு முறை, காயப்பட்ட நாளுக்கான பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி கேட்டார்கள். மாத்தளனில் அன்று பொலிஸ் நிலையம் எங்கே இருந்தது என்று நான் கேட்டேன், உத்தியோகத்தர் சிரித்தார், நானும் சிரித்தேன், பேப்பர் மட்டும் நகரவில்லை. புது வைத்தியச் சான்றிதழுக்கு நிபுணர் வரும் நாளைக் காத்திருக்க வேண்டும். அந்த நாளில் இலக்கத்துண்டு முடிந்துவிட்டால் அடுத்த கிளினிக் வரை பொறுக்க வேண்டும். பொய்க்கால் தேய்ந்து யாழ்ப்பாணம் போனால் அங்கே சில நாள் நிற்க வேண்டிவரும். குளம் வான் பாய்ந்தால் எங்கள் வீதி மூடும். இவை எல்லாவற்றையும் கழித்துவிட்டு, 14இல் மிச்சம் என்ன?

இது எங்கள் நாட்டில் மட்டும் உள்ள நோய் இல்லை. அமெரிக்காவில் டேவிட் ஹென்டர்சன் என்று கொரியப் போருக்குப் போய் வந்தவர் ஒருவர். மனநோயால் முழுமையாக அங்கவீனமானவர் என்று அரசே ஏற்றுக்கொண்டவர். படைவீரர் நன்மைகளுக்கான மேன்முறையீட்டை 120 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டிய இடத்தில் 15 நாள் பிந்திவிட்டார். என் வருத்தம்தான் என்னைப் பிந்த வைத்தது என்றார். கீழே உள்ள நீதிமன்றங்கள் கேட்கவில்லை. 2011 மார்ச் 1இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், அந்த 120 நாள் என்பது தாண்டினால் நீதிமன்றத்தின் அதிகாரமே இல்லாமல் போகும் வகையான எல்லை இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பைக் கேட்க ஹென்டர்சன் உயிரோடு இல்லை, வழக்கை அவர் மனைவிதான் முடித்து வைத்தார். எங்கள் ஒழுங்கை அண்ணாவின் மனைவிக்கும் அப்படி ஒரு வெற்றி வந்து சேரக்கூடாது என்பதற்காகத்தான் இந்த மடல்.

திகதியை நீட்ட முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 2023இல் அஸ்வெசும என்ற அரச நலன்புரி உதவித் திட்டத்தின் முதல் பட்டியல் வந்து நாடெங்கும் சனம் கந்தோர்களை மொய்த்தபோது, மேன்முறையீட்டு நாளை ஜூலை 10 வரை நீட்டினார்கள். அப்போது சிஸ்டம் எடுத்தது. சத்தம் பெரிதாக இருந்தால் நீளும் திகதி, ஒழுங்கைக்குள் ஒருவர் தனியாகப் படுத்திருந்தால் ஏன் நீளாது?

இனி நான் கேட்பவை. எல்லாமே உங்கள் கைக்குள் அடங்கும் என்று நினைத்துத்தான் கேட்கிறேன். அடங்காதவற்றை மேலே யாருக்கு எழுத வேண்டும் என்று சொல்லுங்கள், எழுதுவேன்.

முதலாவது, அவகாசம் கடிதத்தின் திகதியிலிருந்து ஓடக் கூடாது. கையில் கிடைத்த நாளிலிருந்து ஓட வேண்டும். அங்கவீன உதவித்தொகை பெறுபவர்களுக்கான நிறுத்தல் கடிதங்களைக் கிராம அலுவலர் மூலமாக வீட்டில் கொடுத்து, கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வாங்கி, அந்த நாளை எழுதிக்கொள்ளுங்கள். ஆள் ஆஸ்பத்திரியில் என்றால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கடிதம் தமிழில் இருக்க வேண்டும், ஏன் நிறுத்துகிறீர்கள் என்ற காரணமும் அதில் இருக்க வேண்டும்.

பிந்தி வருபவரின் மேன்முறையீட்டையும் கையில் வாங்குங்கள். பிந்திய காரணத்தை எழுத அரைப் பக்கம் விடுங்கள். அதைப் பார்த்த பிறகு மறுப்பதென்றால் மறுங்கள், ஆனால் எழுத்தில், திகதியோடு, கையெழுத்தோடு. வாய்ச்சொல்லை வைத்து நாங்கள் வேறு எங்கும் போக முடியாது. வர முடியாதவருக்காக அவர் எழுதிக் கொடுத்த ஆள் வந்தால் அந்த ஆளைத் திருப்பி அனுப்பாதீர்கள். மாதத்தில் ஒரு நாள் கிராமத்துக்கு நடமாடும் சேவை வைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும், அதற்கு எங்கள் சனசமூக நிலையத்தைக் கூட்டித் துப்புரவாக்கித் தர நாங்கள் இருக்கிறோம்.

"அங்கவீனம் ஏற்பட்ட விதம்" என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள். எடுக்க அதிகாரம் இல்லையென்றால், வெறுமையாக விட்டாலும் படிவம் ஏற்கப்படும் என்று அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள்.

என் கொப்பியில் உள்ள ஒன்பது பேரின் கோவைகளையும் திரும்ப எடுங்கள். ஒவ்வொருவர் சம்மதத்தோடும் பெயர், அடையாள அட்டை இலக்கம், கடித உறைகளின் பிரதிகள் எல்லாவற்றையும் நேரில் கொண்டுவந்து தருவேன். விசாரித்துப் பார்த்துத் தகுதி இருந்தால், நிறுத்திய மாதத்திலிருந்து நிலுவையோடு கொடுங்கள். ஒழுங்கை அண்ணாவின் கோவையை முதலில் எடுங்கள், என்னுடையது கடைசியில் இருக்கட்டும்.

இந்த மடலுக்கு ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் வேண்டும். பதிலைத் தட்டச்சு செய்த நாளிலேயே தபாலில் போட்டுவிடுங்கள். இந்த முறையும் உறையை நான் எறியப் போவதில்லை.

வன்னியிலிருந்து,
திண்ணையில் படிவம் நிரப்பிக் கொடுப்பவள்